படிக்கேன்னு சொன்னதுக்கு சிரிச்சாங்களா? அத எழுதுறது எப்படின்னு பாப்போம்

தன்னோட பேச்சப் பத்தி, வட்டார வழக்கப் பத்தி எழுதணும்னு ஆசை நெறைய பேருக்கு இருக்கு, ஆனா எழுத உக்காந்த உடனே மொத வரி என்ன வருது தெரியுமா, "மொழி என்பது வெறும் கருத்துப் பரிமாற்றக் கருவி மட்டுமன்று". நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ஏதோ பேச்சுப் போட்டி மேடைல மைக் முன்னாடி நிக்கிற மாதிரி. ரெண்டு பக்கம் எழுதிட்டு படிச்சுப் பாத்தா அதுல நானே இல்ல. யார் வேணா எழுதிருக்கலாம். என் வாயில பொறந்து வளந்த ஒரு சொல்லு கூட அதுல கெடையாது.

அதுக்கப்புறம் அழிச்சு அழிச்சு எழுதிக் கத்துக்கிட்டத இங்க சொல்றேன். புதுசா எழுத வர்றவங்களுக்கானது இது. கதை எழுதத் தெரியணும்னு அவசியம் இல்ல, இலக்கணம் படிச்சிருக்கணும்னும் இல்ல. ஒரே ஒரு விஷயத்துல மட்டும் பிடிவாதமா இருக்கணும், அது என்னன்னா அடையாளம், பண்பாடு, வேர் மாதிரி பெரிய சொல்லு எதையும் மொத டிராஃப்ட்ல உள்ள விடவே கூடாது.

மொதல்ல ஒரே ஒரு சொல்லத் தேடுங்க

"என் பேச்சு வழக்கு"ன்னு எழுத ஆரம்பிச்சா அது கடல். எங்க எறங்குறதுன்னே தெரியாது. அதனால ஒரு சொல்லு போதும், சொல்லு கூட வேணாம், ஒரு விகுதி போதும்.

ஒரு வாரத்துக்கு ஃபோன்ல நோட்ஸ் ஒண்ணு தொறந்து வச்சுக்கோங்க. வாய்க்கு வந்த சொல்ல முழுங்கிட்டு வேற சொல்ல எப்பல்லாம் சொல்றீங்களோ அப்பல்லாம் குறிச்சுக்கோங்க. யார்கிட்ட பேசும்போது, எந்தச் சொல்லுக்குப் பதிலா எந்தச் சொல்லுன்னு. ஆபீஸ்ல ஒண்ணு, வீட்ல ஒண்ணு, சொந்த ஊர்க்காரங்க யாராவது கூப்பிட்டா ஒண்ணுன்னு நாம எல்லாருமே மாத்திக்கிட்டுத்தான் இருக்கோம், ஆனா மாத்துறோம்ங்கறதே தெரியாம மாத்துறோம். ரெண்டு நாள் குறிச்சாலே உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும்.

நோட்ஸ்ல ஒண்ணும் விழலைன்னா இதையெல்லாம் யோசிச்சுப் பாருங்க. எந்தச் சொல்ல ஒருத்தர் திருத்தினாரு? எந்தச் சொல்ல "இன்னொரு தடவ சொல்லேன்"னு ஜோக்குக்குச் சொல்ல வச்சாங்க? முன்னாடி சொல்லிக்கிட்டிருந்து இப்ப சொல்லாத சொல்லு எது? கோவம் வந்தா எந்தப் பேச்சு வருது? கணக்குப் போடும்போது வாய்க்குள்ள எந்த மொழில எண்ணுறீங்க? கடைசி கேள்வி வெளிநாட்டுல வளந்தவங்களுக்கும், வீட்ல தெலுங்கோ சௌராஷ்டிரமோ உருதோ பேசிக்கிட்டு வெளில தமிழ் பேசுறவங்களுக்கும் ரொம்ப நல்லா வேலை செய்யும்.

எனக்குக் கெடச்சது "படிக்கேன்". நான் தெக்கத்திக்காரி. எங்க பக்கம் படிக்கிறேன்னு சொல்ல மாட்டோம், படிக்கேன், நிக்கேன், கேக்கேன், சொல்லுதேன். பள்ளிக்கூடத்துல நிகழ்கால இடைநிலை கிறு, கின்று, ஆநின்றுன்னு நன்னூல மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சவதான் நானும், பரிச்சைல அதுக்கு மார்க்கும் வாங்கினேன், ஆனா என் சொந்த வாயில அந்த கிறு கெடையவே கெடையாதுங்கறது வேற ஊருக்குப் போற வரைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தச் சொல்லு எங்க, யார் முன்னாடி விழுந்துச்சு, அத எழுதுங்க

என்னோட மொத டிராஃப்ட அப்படியே தர்றேன், சிரிக்காதீங்க:

"எனது வட்டார வழக்கின் காரணமாக விடுதியில் நான் பல்வேறு கேலிகளுக்கு ஆளானேன். அது எனது அடையாளத்தையே கேள்விக்குள்ளாக்கியது."

இதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா கண்ணு முன்னாடி ஒண்ணுமே தெரியல பாருங்க. யாரு கேலி பண்ணா, என்ன சொல்லி, எங்க வச்சு? ‘பல்வேறு’ன்னு வந்தாலே அங்க எதையோ ஞாபகப்படுத்திப் பாக்க சோம்பேறித்தனப்பட்டிருக்கோம்னு அர்த்தம். மூணாவது தடவ எழுதினது இது:

"மெஸ் வரிசைல தட்டோட நின்னேன். பின்னாடி நின்னவ எந்த இயர்னு கேட்டா. ‘ஃபர்ஸ்ட் இயர் படிக்கேன்.’ அவ ‘படிக்கேனா?’ன்னு திருப்பிச் சொன்னா. திட்டல, சிரிக்கக் கூட இல்ல, புதுசா ஒரு பொருளக் கையில எடுத்துப் பாக்கற மாதிரி அந்தச் சொல்ல மட்டும் மெதுவா சொன்னா. முன்னாடி நின்ன ரெண்டு பேர் திரும்பிப் பாத்தாங்க. அன்னைக்கு ராத்திரி போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு படிக்கிறேன், படிக்கிறேன்னு சொல்லிப் பாத்தேன். நடுவுல அந்த ‘கி’ வரும்போது நாக்கு ஒரு நொடி நின்னு நின்னு போச்சு."

இதுல அவமானம்ங்கற சொல்லே இல்ல, அடையாளமும் இல்ல. படிக்கறவங்களுக்கு அது புரியாம போகுமா? அதுலயும் ஒண்ணு கவனிங்க, அவள வில்லியாக்கி எழுதினா கதை ஈஸியா இருந்திருக்கும், நானும் மொதல்ல அப்படித்தான் எழுதிப் பாத்தேன், ஆனா நடந்தது அது இல்ல. அவளுக்கு நெஜமாவே அந்தச் சொல்லு புதுசு. வலிச்சது எனக்கு, ஆனா அவ வலிக்க வைக்கணும்னு சொல்லல. இந்த மாதிரி ஒட்டாத எடத்த ஒட்ட வைக்காம அப்படியே விடுங்க, எழுத்துக்கு உசுரு அங்கதான் இருக்கு.

ஒரு சீனுக்கு இது போதும்: எடம், ஆளு, சொன்ன சொல்லு, கேட்டவங்க மொகம், உங்க ஒடம்புல என்ன நடந்துச்சு. விளக்கத்த எல்லாம் பின்னாடி பாத்துக்கலாம், பாதி நேரம் அது தேவையே படாது.

எந்தத் தமிழ்ல எழுதப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க

எழுதுறதுக்கு ஒரு தமிழ், பேசுறதுக்கு ஒரு தமிழ்னு நமக்கு ரெண்டு இருக்கு. இது நம்ம கொறை ஒண்ணும் இல்ல, உலகத்துல வேற மொழிலயும் இருக்கு. சார்லஸ் ஃபெர்குசன்ங்கற மொழியியலாளர் 1959ல அரபி, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டி நாட்டோட கிரியோல்ங்கற கலப்பு மொழி இத வச்சு இந்த ரெட்டை நெலையப் பத்தி எழுதின கட்டுரை ரொம்பப் பேர் பெத்தது, தமிழ்ல இத இரட்டை வழக்குன்னு சொல்றாங்க. நமக்கு அதுக்கு மேல ஒரு சிக்கல், பேச்சுத் தமிழே ஒண்ணு இல்ல. படிக்கேன், படிக்கிறன், படிக்கறனுங்க, படிச்சிக்கினு இருக்கேன். மொதல்ல உள்ளது நெல்லை, அடுத்தது யாழ்ப்பாணம், அப்புறம் கொங்கு, கடைசி சென்னை. எல்லாம் ஒரே வேலையத்தான் சொல்லுது, ஆனா வாயத் தொறந்த உடனே ஆளு எந்தப் பக்கம்னு தெரிஞ்சுபோகும்.

எழுதுறதுக்கு மூணு வழி உண்டு. கதை சொல்றது எழுத்துத் தமிழ்லயும் ஆளுங்க பேசுறது மட்டும் வட்டார வழக்குலயும் வைக்கிறது ஒண்ணு. ரொம்ப காலமா இருக்குற வழி, படிக்கறவங்களுக்கும் சொகம். ஆனா இதுல ஒரு ஆபத்து, ‘நான்’ங்கறவ படிச்ச மேதை மாதிரியும் அம்மாவும் ஆச்சியும் மட்டும் கொச்சையா பேசுற மாதிரியும் ஒரு தூரம் விழுந்துரும். உங்க அனுபவமே அந்தத் தூரத்தப் பத்தினதா இருந்தா அது பொருந்தும், இல்லன்னா உங்கள அறியாம உங்க வீட்டாளுங்கள கீழ எறக்கி வச்சிருப்பீங்க.

ரெண்டாவது வழி, முழுக்க வட்டார வழக்குலயே எழுதுறது. கை வந்துட்டா இதுக்கு ஈடே இல்ல. ஆனா மொத தடவையே நாலு பக்கம் இப்படி எழுதினா எங்கயோ நடுவுல வழக்கு நழுவி பொதுப் பேச்சு வந்துரும், அத ஊர்க்காரங்க ஒரு வரில கண்டுபிடிச்சுருவாங்க. அரைப் பக்கம் எழுதிப் பழகிட்டு அப்புறம் நீட்டுங்க.

மூணாவது, பொதுவான பேச்சுத் தமிழ்ல சொல்லிக்கிட்டே போயி சூடு ஏறுற எடத்துல மட்டும் சொந்த வழக்குக்கு எறங்குறது. இந்தக் கட்டுரையவே பாருங்களேன், தெக்கத்திக்காரின்னு சொல்லிட்டு "சொல்றேன்"னு எழுதிக்கிட்டிருக்கேன், "சொல்லுதேன்"னு எழுதல. ஏன்னு கேட்டா, இருவது வருஷம் வெளில இருந்து என் கை இதுக்குப் பழகிப் போச்சு. அதையும் மறைக்க வேணாம்னு இப்படியே விட்டுட்டேன். புதுசா எழுதுறவங்களுக்கு நான் இந்த மூணாவதத்தான் சொல்லுவேன். நம்ம பாதிப் பேர் நெஜமாவே இப்படி நடுவுலதான் இருக்கோம்.

எழுத்துக்கூட்டல், இங்கதான் தல வெடிக்கும்

பேச்சுத் தமிழுக்கு ஸ்பெல்லிங் ரூல் புக் ஒண்ணும் கெடையாது. வீட்டுல, வீட்ல, ஊட்டுல, வூட்ல எல்லாமே சரிதான். சரின்னா அத எங்க பேசுறாங்களோ அங்க சரி. அதனால உங்களுக்கு நீங்களே ஒரு சின்ன லிஸ்ட் போட்டுக்கோங்க, இந்தக் கட்டுரைல நான் ‘இடம்’னு எழுதுவேனா ‘எடம்’னு எழுதுவேனா, ‘உடம்பு’வா ‘ஒடம்பு’வா, அப்டியா அப்படியான்னு. நூத்துக்கு நூறு ஒரே மாதிரி வரணும்னு இல்ல, ஆனா ஒரே ஆளு ஒரே வாக்கியத்துல ரெண்டு விதமா பேசினா படிக்கறவங்க தடுக்கி விழுவாங்க.

காதுல விழறது எல்லாத்தையும் எழுத்துல கொண்டு வரணும்னு நெனைக்காதீங்க, ஏன்னு ஒரு உதாரணம் சொல்றேன். பேச்சுல "அவன் வந்தான்"னு சொல்லும்போது கடைசி ன் முழுசா வராது, மூக்குல லேசா ஒரு ஒலியோட நின்னுரும். அத அப்படியே எழுதுறேன்னு ‘வந்தா’ன்னு போட்டா என்ன ஆகும்? ‘அவ வந்தா’ன்னு பொண்ணுக்கு எழுதுறதும் அதேதான். ஆணா பொண்ணான்னே தெரியாம போயிரும், போதாததுக்கு "அவன் வந்தா நான் போயிருவேன்"னு சொல்ற வந்தாவும் அதே ஸ்பெல்லிங்தான். அதனால அந்த ன் எழுத்துல இருக்கட்டும், படிக்கறவங்க வாய் தானா அத மூக்குக்குக் கொண்டு போயிரும். இதே மாதிரிதான் ஐகாரமும். வேலை பேச்சுல வேலன்னு ஆகுது, அதுல கொழப்பம் கொறைவு, ஆனா கடைய ‘கட’ன்னும் மழைய ‘மழ’ன்னும் வரிக்கு வரி எழுதினா கண்ணு வலிக்கும். நான் எங்க கொழப்பம் வருமோ அங்க ஐய விட்டு வைப்பேன், மத்த எடத்துல வெட்டிருவேன்.

சில எழுத்துக்கூட்டல் தானே ஒரு ஊரச் சொல்லும். டீச்சர்னு நாம எழுதுறத யாழ்ப்பாணத்துக்காரங்க ரீச்சர்னு எழுதுவாங்க, டொராண்டோ அவங்களுக்கு ரொறொன்ரோ. தெரியாதவங்க இத தப்புன்னு நெனச்சுத் திருத்துவாங்க. தப்பு இல்ல. ஆங்கில ட ஒலி அவங்க காதுக்கு வெற்றிங்கற சொல்லுல வர்ற ற்ற பக்கம் கேக்குது, நம்ம காதுக்கு ட பக்கம் கேக்குது, அவ்ளோதான். நீங்க இலங்கைத் தமிழ்ல எழுதுறவங்களா இருந்தா உங்க ரீச்சர டீச்சரா மாத்திக் குடுக்காதீங்க. அந்த ஒரு ரகரத்துலயே உங்க கதை பாதி இருக்கு.

அப்புறம் ஃபோன் கீபோர்ட். நான் சொல்லுதேன்னு அடிச்சா அது சொல்லுகிறேன்னு மாத்தி வச்சுரும், பலதடவ அனுப்பினதுக்கப்புறம்தான் பாப்பேன். ஆட்டோ கரெக்ட ஆஃப் பண்ணி வச்சுக்கோங்க, இல்லன்னா உங்க சொல்லு எல்லாத்தையும் அதோட டிக்‌ஷனரில சேத்துருங்க. மெஸ் வரிசைல கேட்ட அதே "படிக்கேனா?" இப்ப என் கைக்குள்ள இருந்தே கேக்குது.

அர்த்தம் போடுறதா வேணாமா

வட்டாரச் சொல்லுக்குப் பக்கத்துலயே பிராக்கெட் போட்டு அர்த்தம் எழுதுறது ஒரு வியாதி. பக்கம் பூரா பிராக்கெட்டா இருந்தா அது உங்க அனுபவமா இருக்காது, மியூசியத்துல பொருளுக்குக் கீழ ஒட்டுன சீட்டு மாதிரி இருக்கும். மூணு எடத்துல மூணு விதமா அந்தச் சொல்லப் பயன்படுத்துங்க, படிக்கறவங்களே புடிச்சுக்குவாங்க. "வெரசா வாட்டின்னு அம்மா கூப்பாடு போட்டா, பஸ் ஹார்ன் அடிச்சுருச்சு"ன்னு எழுதினா வெரசாவுக்கு அர்த்தம் எதுக்கு?

ஆனா ஒரு எடத்துல கண்டிப்பா ஜாக்கிரதையா இருக்கணும், ஒரே சொல்லு வேற ஊர்ல வேற அர்த்தத்துல இருக்குற எடம். இலங்கைத் தமிழ்ல "அம்மா பேசினவ"ன்னா அம்மா திட்டினாங்கன்னு அர்த்தம் வரும். சும்மா பேசுறதுக்கு கதைக்கிறதுன்னு சொல்லுவாங்க. தமிழ்நாட்டுல படிக்கறவங்க "நேத்து அம்மா பேசினவ"ன்னு பாத்தா ஏதோ பாசமா ஃபோன்ல பேசிருக்காங்கன்னு நெனச்சுட்டு அடுத்த வரிக்குப் போயிருவாங்க, நீங்க அழுத அழுகை அவங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த மாதிரி எடத்துல அடுத்த வரில அம்மா என்ன சொல்லித் திட்டினாங்கன்னு எழுதிட்டா போதும், பிராக்கெட் வேணாம்.

எங்க ஊர்ல மட்டும்தான்னு எழுதுறதுக்கு முன்னாடி

இதுல நான் நல்லா மூக்கு ஒடைபட்டிருக்கேன். திட்டுறதுக்கு நாங்க ஏசுறதுன்னுதான் சொல்லுவோம், "அப்பா ஏசுதாவ". இது தெக்கத்திக்கு மட்டுமே சொந்தமான சொல்லுன்னு பெருமையா ஒரு பத்தி எழுதி வச்சிருந்தேன். யாழ்ப்பாணத்து ஃப்ரெண்டு ஒருத்தி படிச்சுட்டு, "நாங்களும் ஏசுறது எண்டுதானே சொல்லுறனாங்கள்"னா. அந்தப் பத்திய தூக்கிட்டேன். தூக்கிட்டு அவ சொன்னத எழுதினேன், அது முந்தினத விட நல்லா வந்துச்சு.

அதனால பாத்துக்கோங்க. சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன் 1924லேர்ந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வந்தது, அதுல யாழ்ப்பாண வழக்கு, நாஞ்சில் நாட்டு வழக்குன்னு சில சொல்லுக்குக் குறிப்பு போட்டிருப்பாங்க. சிகாகோ பல்கலைக்கழகத்தோட தெற்காசிய அகராதித் தளத்துல அத இலவசமா தேடலாம். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி மொதல்ல 1992ல வந்தது, அதுல இலங்கை வழக்குச் சொல்லு தனியா குறிச்சிருக்கும். கரிசலுக்கு கி. ராஜநாராயணன் தொகுத்த அகராதி இருக்கு, கொங்குக்கு பெருமாள்முருகன் தொகுத்தது இருக்கு. உங்க சொல்லு இதுல எதுலயும் இல்லையா? அப்ப இன்னும் நல்லது, நீங்கதான் அத எழுதி வைக்கணும், ஆனா ‘எங்கயுமே கெடையாது’ன்னு மட்டும் எழுதாதீங்க. "எங்க வீட்ல சொல்லுவாங்க" போதும். அது எப்பவுமே உண்மை.

இன்னொரு ஆசை வரும், என் சொல்லு எவ்வளவு பழசு தெரியுமான்னு காட்டுற ஆசை. எங்க ஆச்சி "பைய வா"ம்பா, மெதுவா வான்னு. 1098ஆவது குறள் "பைய நகும்"னுதான் முடியுது, அவ மெல்லச் சிரிக்கிறாங்கற அர்த்தத்துல. இத மொத மொத பாத்த அன்னைக்கு எனக்குத் தல கால் புரியல, ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் ஆறின மனசோட யோசிச்சா வேற ஒண்ணு தோணுச்சு. குறள்ல இருக்குங்கறதாலதான் ஆச்சியோட பையவுக்கு மரியாதைன்னா, குறள்ல இல்லாத அவ சொல்லு ஆயிரத்துக்கும் மரியாதை இல்லையா? வள்ளுவர் வந்து சர்டிபிகேட் குடுத்தாதான் ஆச்சி பேசுறது தமிழா? தொல்காப்பியமே சொல்ல இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல்னு நாலாப் பிரிச்சு, அந்தந்த நெலத்துச் சொல்லையும் செய்யுளுக்கு ஆகும்னு கணக்குல சேத்திருக்கு. பழசுங்கறத எழுதுங்க, நல்ல விஷயம்தான், ஆனா உங்க வாதமே அதுமேலதான் நிக்குதுன்னா கொஞ்சம் சந்தேகப்படுங்க. "எங்க பேச்சுதான் சுத்தத் தமிழ்"னு எழுதுறவங்க அடுத்த வரில எந்த ஊர்ப் பேச்ச மட்டம் தட்டப் போறாங்கன்னு எனக்கு பயமா இருக்கும். பெரும்பாலும் சென்னையத்தான்.

நீங்க சிரிச்ச கதையையும் எழுதுங்க

மெஸ் வரிசை சீன எழுதி முடிச்சு ரொம்ப நாளைக்கு அதோட நிறுத்தி வச்சிருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஏதோ பாதில நின்ன மாதிரி. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, வந்துச்சுன்னு சொல்றது கூட பொய், ஞாபகம் இருந்துச்சு, எழுதத்தான் மனசு வரல. படிக்கேன் படிக்கிறேனா மாறி ஒரு ரெண்டு மாசம் கழிச்சு, கன்னியாகுமரிப் பக்கத்துலேர்ந்து புதுசா வந்த ஒரு பொண்ணு "எனக்க புக்கு எங்க?"ன்னு கேட்டா. என்னோட புக்குன்னு அர்த்தம். ரூம்ல மொதல்ல சிரிச்சது நான்தான். "எனக்கவா?"ன்னு திருப்பிச் சொன்னதும் நான்தான், மெஸ்ல எனக்கு நடந்ததே அச்சு அசலா. எங்க ஊருக்கும் அவ ஊருக்கும் நடுவுல பஸ்ல ரெண்டு மணி நேரம் கூட இல்ல.

இத சேத்ததுக்கப்புறம்தான் அந்தக் கட்டுரை எந்திரிச்சு நின்னுச்சு. எல்லாருக்கும் இப்படி ஒண்ணு இருக்கும்னு நெனைக்கிறேன். நாம பட்டத மட்டும் எழுதினா படிக்கறவங்க பாவம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க, நாம பண்ணினதையும் எழுதினா அவங்களும் தான் யாரப் பாத்து சிரிச்சோம்னு யோசிப்பாங்க.

இதோட ஒட்டின ஒரு விஷயம், கொஞ்சம் கஷ்டமானது. தமிழ்ல பேச்சு ஊர மட்டும் காட்டாது, சாதியையும் காட்டும். "உங்க பேச்சப் பாத்தா நீங்க எந்தப் பக்கம்"னு கேக்கறவங்க பல நேரம் ஊரக் கேக்கல. உங்க அனுபவத்துல இது இருந்தா மழுப்பாம எழுதுங்க. ஆனா மத்தவங்கள எழுதும்போது யோசிங்க, ஒருத்தர் வாயிலேர்ந்து வந்த ஒரு சொல்ல அப்படியே போட்டா அவர் யாருன்னு வெளில தெரிஞ்சுரும், அத வெளில சொல்றதும் சொல்லாததும் அவர் இஷ்டம். பேர மாத்தினா மட்டும் பத்தாது, சில நேரம் அந்தச் சொல்லையே விட்டுரணும். எனக்க புக்கு கேட்ட பொண்ணுகிட்ட நான் கேட்டுட்டுத்தான் எழுதினேன். "எழுது, ஆனா நீ சிரிச்சதையும் எழுது"ன்னா. கேக்காமலே இருந்திருந்தா ஒருவேள எழுதிருக்க மாட்டேனோ என்னமோ.

வீட்ல தமிழ் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டு பதில் மட்டும் ஆங்கிலத்துல சொல்லி வளந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க தமிழ் ஓட்டையா இருக்குன்னு எழுதாம இருந்துராதீங்க. பாட்டி கேட்ட கேள்வியத் தமிழ்ல எழுதுங்க, நீங்க சொன்ன பதில ஆங்கிலத்துலயே தமிழ் எழுத்துல எழுதுங்க, எந்தச் சொல்லு வாயில வராம முழிச்சீங்களோ அந்த எடத்த காலியா விடுங்க. நாங்க எழுத முடியாத கட்டுரை அது. அதத் திருத்தி ஒழுங்கு பண்ணித் தர்றேன்னு யாராவது வந்தா வேணாம்னுருங்க.

வாய்விட்டுப் படிங்க, அப்புறம் ஊர்க்காரங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க

எழுதி முடிச்சதும் ரெண்டு நாள் தொடாதீங்க. அப்புறம் ஃபோன்ல ரெகார்ட் போட்டுட்டு சத்தமா வாசிங்க. எந்த எடத்துல உங்க குரல் நியூஸ் வாசிக்கிற மாதிரி மாறுதோ அங்க கோடு போடுங்க, அந்த வரி உங்களோடது இல்ல. ஆரம்பத்துல பெரிய சொல்லு எதையும் விட வேணாம்னு சொன்னேன்ல, இப்ப வேணும்னா ஒண்ணு ரெண்டு உள்ள விட்டுப் பாருங்க. அதுக்குள்ள தேவைப்படாமப் போயிருக்கும்.

கடைசியா, அந்தப் பேச்சு பேசுறவங்க ஒருத்தருக்காவது படிச்சுக் காட்டணும். இத மட்டும் தவற விடாதீங்க. ஏன்னா நம்ம ஞாபகமே நம்மள ஏமாத்தும். என் கட்டுரைல ஹாஸ்டலுக்கு அம்மா ஃபோன் பண்ற எடம் ஒண்ணு உண்டு. நான் புதுசாக் கத்துக்கிட்ட கிற எல்லாம் போட்டு "நல்லா படிக்கிறேம்மா"ன்னு சொல்ல, அம்மா அந்தப் பக்கம் சித்த நேரம் பேசாம இருந்துட்டு "என்னட்டி, டிவில நியூஸ் வாசிக்கவ மாதிரி பேசுத?"ன்னு கேட்டா. அந்த ஃபோன் காலுக்கு ஆரம்பத்துல அம்மா "நல்லா இருக்கியா"ன்னு கேக்குற மாதிரி எழுதியிருந்தேன். வருஷக்கணக்கா அப்படித்தான் ஞாபகம் எனக்கு, நாலு தடவ திருத்தி எழுதும்போதும் அந்த வரி மேல சந்தேகமே வரல.

ஃபோன்ல அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். மெஸ் வரிசைக்கு ஒண்ணும் சொல்லல. எனக்க புக்குக்கு சிரிச்சா. இந்த எடம் வந்ததும் நிறுத்தச் சொல்லிட்டா.

"நான் எப்பட்டி ஒன்ட்ட நல்லா இருக்கியான்னு கேட்டேன்? சொகமா இருக்கியான்னுல்லா கேப்பேன்."

மாத்திட்டேன்.